பூட்டிய பெட்டிக்குள் பதினான்கு லைஃப் ஜாக்கெட்டுகள்

நான் ஓய்வு பெற்று நான்கு வருடங்களுக்கு மேல் ஆகிறது. அலுவலகத்திலிருந்து யாரும் அதிகம் கூப்பிடுவதில்லை. போன மாதம் ஒரு காலையில் ஓர் அழைப்பு வந்தது. படகுப் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். தமிழ்ப்பெண்தான். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சார், இப்ப ஃபாரம் எல்லாம் டேப்லட்ல வந்துருச்சு. லைஃப் ஜாக்கெட்டுக்கு நாலு கட்டம் இருக்கு. எண்ணிக்கை, முத்திரை, நிலைமை. கடைசியா, 'எளிதில் எடுக்கும்படி வைக்கப்பட்டுள்ளது'ன்னு ஒண்ணு. மொத மூணும் புரியுது. இந்த நாலாவதுக்கு எப்ப டிக் போடறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்களக் கேட்டா சரியாச் சொல்வீங்கன்னாங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அந்தப் பெண் இரண்டு முறை "ஹலோ, ஹலோ" என்றார்.

"போன்ல சொல்ல முடியாதும்மா. எழுதித் தர்றேன்" என்றேன்.

இதுதான் அந்தப் பதில். அவர் கேட்டதைவிட நீளமாகிவிட்டது. இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆற்றின் பெயரும் வேண்டாம். மலேசியாவில், ஜொகூரின் மேற்குக் கரையில் கடலோடு சேரும் ஆறுகளில் ஒன்று, அவ்வளவு போதும்.

நான் பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். கடலை நான் முதன்முதலில் பார்த்ததே பதினேழு வயதில்தான். டீசல் இன்ஜின் பழுதுபார்க்கும் பயிற்சி முடித்து, அரசாங்கப் பட்டறையில் நான்கு வருடம் எண்ணெய்க் கையோடு இருந்து, தேர்வு எழுதி, படகுப் பரிசோதனை உதவியாளராக வந்தேன். எங்கள் வேலை பெரிய கப்பல்களோடு அல்ல. ஆற்றில் ஆள் ஏற்றும் படகுகள், மீன் பிடிக்கக் கூட்டிப் போகும் படகுகள், அக்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் படகுகள். வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை. தேறினால் லைசன்ஸ். தேறாவிட்டால் படகு ஜெட்டியில் கட்டிக் கிடக்கும். அந்தப் படகை நம்பியிருக்கும் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் ஃபாரத்தில் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

என் மேலதிகாரி ஹாலிம். மரியாதையாகத் துவான் ஹாலிம் என்போம். ஒல்லியான மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பரிசோதனை ஒன்பது மணிக்கு என்றால் ஏழரைக்கே ஜெட்டிக்கு வந்துவிடுவார். படகின் அருகே போகமாட்டார். எதிரே நின்று, அந்தப் படகு ஆள் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்த் திரும்புவதை இரண்டு தடவையாவது பார்ப்பார். நான் ஃபைலைத் திறந்தால் கையால் மூடிவிடுவார். "தெங்கோக் ஆயேர் டுலு" என்பார். முதலில் தண்ணீரைப் பார். ஆட்கள் ஏறும்போது படகு எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எந்தப் பலகை வரை ஏறுகிறது, இறங்கும்போது யார் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த எனக்கு அது பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறுவார். கையில் ஒரு மரச்சுத்தியலும் தேய்ந்த ஸ்குரூ டிரைவரும் இருக்கும். பலகையைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறும் இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்துவார். உள்ளே இறங்கினால், உடனே எழுதமாட்டார். படகு முதலாளியைக் கூப்பிட்டு அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பார். பிறகுதான் எழுதுவார். எழுதியதை வாசித்துக் காட்டி, "இப்போது நீ சொல், என்ன எழுதியிருக்கிறேன்?" என்று கேட்பார். முதலாளி தன் வாயால் சொன்ன பிறகே கையெழுத்து.

எது தவறு என்று சொல்வார். எப்படிச் சரி செய்வது என்று மட்டும் சொல்லவேமாட்டார். ஒரு முறை கேட்டேன். "வழி சொன்னால், அந்த வழி ஓடுகிற படகில் சரிப்பட்டு வருகிறதா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். உனக்கு அதற்கு நேரம் இருக்கிறதா?" என்றார். அந்தக் கேள்வியை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பகுதி என் பொறுப்புக்கு வந்தது. ஆட்கள் குறைவு, படகுகள் அதிகம். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு படகுகள் பார்த்தேன். ஏழரை மணிக்கு ஜெட்டியில் போய் நிற்க எனக்கு நேரமில்லை.

அந்த நேரத்தில்தான் புதிய விதிகள் வந்தன. வேறு மாநிலத்தில் ஒரு படகு கவிழ்ந்து ஆட்கள் இறந்துபோன பிறகு எல்லாவற்றையும் இறுக்கினார்கள். லைஃப் ஜாக்கெட் ஏனோதானோவென்று இருக்கக் கூடாது. முத்திரை குத்தியது வேண்டும். விசில் வேண்டும். ஒளி பட்டால் மின்னும் பட்டை வேண்டும். வார் அறுந்திருக்கக் கூடாது, துணி வெளுத்திருக்கக் கூடாது. நல்ல விதிகள். இன்றைக்கும் அவற்றில் ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன்.

தங்கராஜூ அந்த ஜெட்டியில் படகு வைத்திருந்தார். பன்னிரண்டு பேர் உட்காரும் மரப்படகு, மேலே கூரை. அக்கரையில் செம்பனைத் தோட்டமும் ஒரு கம்பமும் உண்டு. சாலை வழியாகப் போனால் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படகில் கால் மணி நேரம். காலையில் வேலைக்கு வருகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், கிளினிக்குக்குப் போகிறவர்கள் எல்லாம் அவர் படகில்தான். இன்ஜினும் சுக்கானும் அவர் கையில். கயிறு கட்டுவது, ஆள் ஏற்றுவது, வயதானவர்களைக் கை கொடுத்து இறக்குவது எல்லாம் அவர் மனைவி லெட்சுமி. வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நிற்பார். அந்தப் படகுக்கு உண்மையான முதலாளி அவர்தான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். தங்கராஜூவும் சிரித்துக்கொண்டே "ஆமா லா, நான் டிரைவர்தான்" என்பார்.

புதிய விதிகளின்படி முதல் பரிசோதனைக்குப் போனேன். அவர்கள் படகில் லைஃப் ஜாக்கெட்டுகள் கூரைக்கு அடியில் கொக்கிகளில் தொங்கின. ஒவ்வொரு இருக்கைக்கும் நேர் மேலே ஒன்று. உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினால் கிடைக்கும். ஆனால் ஆரஞ்சு நிறம் போய், கழுவிக் கழுவி நைந்த துணி மாதிரி ஆகியிருந்தன. பக்கவாட்டிலிருந்து வெயிலும் உப்புக்காற்றும் பட்டதில் நூல் இற்றுப் போயிருந்தது. ஒன்றின் வாரைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. பதினான்கில் பதினொன்றைத் தள்ளிவிட்டேன்.

லெட்சுமி அந்த அறுந்த வாரை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"போன வருசம்தான் சார் வாங்கினோம். வெயில்ல தொங்குனா எதுதான் சார் நிக்கும்?"

"அப்ப வெயில்ல தொங்க விடாதீங்க" என்றேன்.

நான் அதிகாரமாகச் சொல்லவில்லை. போகிறபோக்கில், அடுத்த படகுக்குப் போகும் அவசரத்தில் சொன்னேன்.

படகு மூன்று வாரம் ஓடவில்லை. முத்திரை குத்திய ஜாக்கெட்டுகள் ஜொகூர் பாருவிலிருந்து வர வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரமும் அக்கரை ஆட்கள் யார் யாருடைய சின்னச் சம்பான் ஓடத்திலோ தொற்றிக்கொண்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஜாக்கெட்டுகள் வந்ததும் தங்கராஜூ போன் செய்தார். போனேன்.

கூரைக்கு அடியில் கொக்கிகள் காலி. படகின் பின்பக்கம், இன்ஜினுக்கு முன்னால், ஒரு வெள்ளை ஃபைபர் பெட்டி உட்கார்ந்திருந்தது. லெட்சுமி கழுத்தில் சிவப்புக் கயிற்றில் மாட்டியிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே பதினான்கு ஜாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் அதனதன் பிளாஸ்டிக் உறையில், கடையில் இருந்த மாதிரியே அடுக்கியிருந்தன.

"பூட்டு எதுக்கு?" என்று கேட்டேன். ஆம், கேட்டேன். அதை மறைக்கக் கூடாது.

"ஜெட்டில ரெண்டு போட்ல திருடு போயிருச்சு சார். ஒண்ணு கொறைஞ்சாலும் நீங்க லைசன்ஸ் குடுக்க மாட்டீங்கல்ல?" என்றார் தங்கராஜூ.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். முத்திரையைப் பார்த்தேன். வாரை இழுத்தேன். நுரையை அமுக்கினேன். விசிலை ஊதிப் பார்த்தேன். எல்லாம் முதல் தரம். நான்காவது கட்டத்திலும் டிக் போட்டேன். பெட்டி படகில்தானே இருக்கிறது, சாவி அந்த அம்மாவின் கழுத்தில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

"இப்படித்தான் இருக்கணும்" என்றேன். லெட்சுமியின் முகம் மலர்ந்துவிட்டது. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

அதோடு நான் நிறுத்தவில்லை. மற்ற படகுக்காரர்களிடமும், "தங்கராஜூ போட்டப் போய்ப் பாருங்க. அந்த மாதிரி வச்சுக்குங்க" என்று சொன்னேன். இரண்டு வருடத்தில் அந்த ஜெட்டியில் எல்லாப் படகிலும் பெட்டி வந்துவிட்டது. என் பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தது. நான் வரும் நாளில் லெட்சுமி முன்கூட்டியே பெட்டியைத் திறந்து, ஜாக்கெட்டுகளைப் பாய் விரித்து வரிசையாக வைத்திருப்பார். எண்ண வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பெட்டி பாயில்லாமல், நான் இல்லாத நாளில், ஆட்கள் ஏறி ஓடும் படகில் எப்படி இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

விபத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. எங்கள் பக்கத்தில் சில மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் வரும். வந்தால் அரை மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். தங்கராஜூ வானம் பார்க்கத் தெரிந்தவர். கொஞ்ச நேரம் காத்திருந்துதான் கிளம்பியிருக்கிறார். அவரையும் லெட்சுமியையும் சேர்த்துப் படகில் ஒன்பது பேர். அளவுக்கு மேல் ஏற்றவில்லை. நடு ஆற்றில் மிதந்து வந்த பழைய வலை ஒன்று படகுக்கு அடியில் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்ப வந்தது. படகு பக்கவாட்டில் திரும்பி அலையை வாங்கியது. தண்ணீர் உள்ளே வந்ததும் யாரோ மலாயில் "ஜாக்கெட், ஜாக்கெட்" என்று கத்தினார்கள்.

பிழைத்தவர்கள் பிறகு கொடுத்த வாக்குமூலங்களை நான் வாசித்தேன். எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். எல்லோரும் பெட்டியை நோக்கி ஓடியிருக்கிறார்கள். பெட்டி பின்பக்கம். இன்ஜினும் பின்பக்கம். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் குவிந்ததும் படகின் பின்பக்கம் அமுங்கியது. லெட்சுமி மண்டியிட்டுச் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார். படகு புரண்டது.

படகின் நிலைப்பு என்பது என் தொழில். மணல் மூட்டைகளை ஏற்றி, நாடா பிடித்து, தண்ணீர் மட்டம் அளந்து, இந்தப் படகில் இத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்கிறவன் நான். மூட்டைகளை எப்போதும் சமமாகப் பரப்பித்தான் வைப்போம். பயந்த மனிதர்கள் மூட்டை மாதிரி பரவி உட்காரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜாக்கெட்டுகள் அந்தக் கூரைக் கொக்கிகளிலேயே இருந்திருந்தால் யாரும் எழுந்திருக்கவே தேவையிருந்திருக்காது.

மீன்பிடிப் படகு ஒன்று வந்து, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களைத் தூக்கியது. இரண்டு பேர் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் தோட்டத்தில் வேலை செய்த இந்தோனேசியப் பெண். இன்னொருவர் லெட்சுமி.

மறுநாள் படகை நிமிர்த்திக் கரைக்கு இழுத்தபோது நான் அங்கே இருந்தேன். வெள்ளைப் பெட்டி மூடியேதான் இருந்தது. சாவி பூட்டில் செருகியிருந்தது. பாதி திரும்பியிருந்தது. சிவப்புக் கயிறு அதிலிருந்து தொங்கியது. போலீஸ்காரர் படம் எடுத்த பிறகு என்னைத் திறக்கச் சொன்னார். மீதிப் பாதியைத் திருப்பினேன். உப்பேறிய பூட்டு, கொஞ்சம் அழுத்தினால்தான் திறந்தது. உள்ளே பதினான்கு ஜாக்கெட்டுகள். எண்ணினேன். அதுதானே என் வேலை.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. மூன்று அதிகாரிகள் ஒரு நீளமான மேசைக்குப் பின்னால். தங்கராஜூ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, நன்றாக இஸ்திரி போட்ட கால்சட்டையில் வந்திருந்தார். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்து எப்போதும் போலத் தலையசைத்தார்.

என்னிடம் கேட்டார்கள். "கடைசிப் பரிசோதனையின்போது லைஃப் ஜாக்கெட் பெட்டி பூட்டியிருந்ததா?"

நான் அதற்கு முந்தின இரவு முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். பூட்டு இருப்பது எனக்குத் தெரியும், நான்தான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், மற்ற படகுகளுக்கும் சொன்னேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் என் பென்ஷன் நினைவுக்கு வந்தது. ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது.

"நான் பார்த்தபோது திறந்திருந்தது" என்றேன்.

அது பொய் இல்லை. லெட்சுமி முன்கூட்டியே திறந்துவைத்திருந்தார். அதனால்தான் அந்த வார்த்தைகள் அவ்வளவு சுலபமாக வந்தன. தங்கராஜூ நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது.

"பெட்டியைப் பூட்டியது யார்?"

"நான்தான்."

"பூட்டி வைக்கும்படி யாராவது சொன்னார்களா?"

"யாரும் சொல்லல."

அவ்வளவுதான். படகு உரிமையாளரின் கவனக்குறைவு என்று முடிவானது. அவருடைய லைசன்ஸை எடுத்துவிட்டார்கள். என் பெயர் அந்த அறிக்கையில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: பரிசோதனை முறைப்படி நடந்திருந்தது என்று.

அதற்குப் பிறகு நான் ஜெட்டி ஜெட்டியாகப் போனேன். பெட்டிகளை எடுக்கச் சொன்னேன். ஜாக்கெட்டுகளை இருக்கைக்கு மேலே திரும்பவும் மாட்டச் சொன்னேன். படகில் ஏறியதும் ஃபாரத்தைத் திறக்காமல், "எல்லாரும் போடுங்க" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லோர் உடம்பிலும் ஏறாவிட்டால் அந்த நான்காவது கட்டத்தில் டிக் கிடையாது. வெளுத்துப் போனால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளட்டும் என்று நிலைமைக் கட்டத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். பெட்டி வாங்கியிருந்த ஒரு சீனப் படகுக்காரர் என்னிடம் சத்தம் போட்டார். "போன வருசம் பெட்டி வைக்கச் சொன்னது நீதான். இப்போ எடுக்கச் சொல்றதும் நீதான். எங்களுக்குத் தலை சுத்துது லா." மற்றவர்கள் முன்னால் திட்டு வாங்கியதுகூட எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஓய்வு பெற்ற மாதம் துவான் ஹாலிமைப் பார்க்கப் போனேன். மூச்சுக் கோளாறில் வீட்டோடு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டைப் பற்றி நான் கேட்டது, பாராட்டியது, விசாரணையில் சொன்ன பதில். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"என்னிடம் வந்து சொல்கிறாய். அந்த ஆளிடம் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து வந்தேன். அதன் பிறகும் நான்கு வருடம் நான் போகவில்லை. முழங்கால் வலி, மகள் கல்யாணம், பேரப்பிள்ளை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. நடுவில் துவான் ஹாலிமும் இறந்துபோனார்.

அந்தப் பெண் அதிகாரி போன் செய்த அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். அலுவலகத்துக்கு, என் கையெழுத்தோடு. நடந்தது எல்லாம் அதில் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் தங்கராஜூவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. விசாரித்ததில், செனாய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் மகளோடு இருப்பதாகவும், தொழிற்சாலை ஒன்றில் வாசல் காவல் பார்ப்பதாகவும் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை காலை போனேன்.

கதவைத் திறந்தவர் மகள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. "அப்பா, உங்களப் பாக்க ஆபீஸ்லேருந்து" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். குரலில் ஒட்டுதல் இல்லை. தங்கராஜூ வந்தார். நிறைய நரைத்திருந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்றார், நேற்றுப் பார்த்த மாதிரி.

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். அது மலாயில் இருந்தது. சில இடங்களில் உதடு அசைந்தது. முடித்ததும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே நான் இதச் சொல்லியிருக்கணும். நீங்க மட்டும் சுமந்துட்டீங்க" என்றேன்.

"நீங்க சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா சார்? நான் அங்கதான உக்காந்திருந்தேன்."

"அப்ப ஏன் நீங்க சொல்லல? இன்ஸ்பெக்டர்தான் நல்லாருக்குன்னு சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் கொஞ்ச நேரம் கடிதத்தின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களக் காப்பாத்தறதுக்காக இல்ல சார். தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க மேல அப்ப ரொம்பக் கோவம். ஆனா நான் பேச்ச எடுத்தா அவங்க விடாமக் கேப்பாங்க. சாவி யாருகிட்ட இருந்துச்சு, ஏன் தொறக்க நேரமாச்சு, கை நடுங்குச்சா, பூட்ட ஏன் எண்ணெய் போட்டு வைக்கலைன்னு. எல்லாத்துக்கும் லெட்சுமின்னுதான் எழுதுவாங்க. ஒரு பொம்பள செத்தும் அவ பேருக்கு அந்த ஃபைல்ல பழியா? அதான், நான்தான் பூட்டுனேன்னு முடிச்சுட்டேன்."

இத்தனை வருடமும் அவர் என்மீது இரக்கப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்கூட எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இத அனுப்புங்க. ஆனா இந்த எடத்த எடுத்துடுங்க" என்று கடிதத்தைப் பிரித்து விரல் வைத்துக் காட்டினார். சாவி லெட்சுமியின் கழுத்தில் இருந்தது என்று நான் எழுதியிருந்த வரி. பேனாவை எடுத்து அவர் கண் முன்னாலேயே அடித்தேன். பெயர் மாற்றி இங்கே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட் ஓட்டறவங்களும் படிப்பாங்கன்னா எழுதுங்க" என்றார்.

அப்போதுதான் கதவோரம் மகள் நிற்பதைப் பார்த்தேன். கையில் தேத்தண்ணித் தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. தட்டை மேசையில் வைக்காமல் அப்படியே தரையில் வைத்தார்.

"அப்பா... இவங்க பாத்து, நல்லாருக்குன்னு சொல்லித்தான் அந்தப் பூட்டா?"

தங்கராஜூ கடிதத்தைத் திரும்ப மடித்தார்.

"அம்மாவ உங்க பூட்டுதான் கொன்னுச்சுன்னு சாவு வீட்டுலயே தம்பி கத்துனான். நானும் வாயத் தொறக்கல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா எங்ககிட்டயாவது."

"சொல்லி? அவ திரும்ப வருவாளா?" என்றார் தங்கராஜூ.

மகள் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. போனை எடுத்து எண்ணை அழுத்தினார். "தம்பி சிங்கப்பூர்ல இருக்கான். அம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்குப் போனவன். அப்பாகூடப் பேசறதில்ல. நீங்க இப்ப எங்க அப்பாகிட்ட சொன்னத, அப்படியே அவன்கிட்ட சொல்லுங்க சார்."

போனை வாங்கினேன். வேலை செய்யும் இடத்தின் இரைச்சல் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். அறுந்து வந்த வாரிலிருந்து விசாரணை மேசை வரைக்கும் சொன்னேன். இடையில் இரைச்சல் குறைந்தது, எங்கோ ஒதுங்கி நின்று கேட்கிறான் போலிருந்தது. நான் முடித்ததும் கேட்டான்.

"இத அப்பவே ஏன் சார் சொல்லல?"

"பயந்துட்டேன்ப்பா. வேல போயிரும்னு."

என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

"அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றான்.

போனை நீட்டினேன். தங்கராஜூ அதை உடனே வாங்கவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கிக் காதில் வைத்தார். மகள் தரையில் உட்கார்ந்து தேத்தண்ணிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராஜூ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்டியாய்யா?" என்றார்.